குட்டை ஸ்பிரிங் போட்ட வண்டி

ஜனவரி 12, திங்கள்

கோகிலா இந்த டைரியைக் கொடுத்துவிட்டுப் போனாள். "தினமும் ரெண்டு வரி எழுதும்மா. எல்லாத்தையும் மனசுலயே வெச்சுட்டு இருந்தா உடம்புக்கு ஆகாது" என்றாள். நான் படித்தது ஆறாவது வரைக்கும். மளிகைச் சாமான் எழுதுவதோடு சரி. யார் படிப்பார்கள் என்று எழுதுவது?

என் பெயர் வசந்தாமணி. வயது அறுபது. கோயமுத்தூர் கணபதியில் வீடு. என் வீட்டுக்காரர் சென்னியப்பன் போய் நாலு மாதம் ஆகிறது. பம்பு கம்பெனியில் லேத் ஓட்டினவர். கோகிலா எங்களுக்கு ஒரே மகள். கட்டிக் கொடுத்தது திருப்பூரில்.

இன்று அரைக் கிலோ அவரைக்காய் வாங்கினேன். ஒரு ஆளுக்கு அது அதிகம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஜனவரி 13, செவ்வாய்

வண்டியின் உறையை எடுத்து உதறி மறுபடியும் போட்டேன். சிவப்பு ஜென் கார். அதற்கும் தரைக்கும் நடுவில் அரைச் சாண்கூட இருக்காது. தெருப் பூனை மற்ற வண்டிகளுக்கு அடியில் போய்ப் படுக்கும். எங்கள் வண்டியைக் குனிந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அவ்வளவு தாழ்வு.

கோகிலா நேற்று கிளம்பும்போது சொன்னாள், என் பேத்தி பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கு வண்டி வேண்டுமாம். "ஆனா அப்படியே குடுத்தறாதம்மா. அந்தக் குட்டை ஸ்பிரிங்கக் கழட்டிப் போட்டுட்டு, கம்பெனி ஸ்பிரிங்கு மாட்டிக் குடு. அந்தக் குட்டை வண்டியாலதானே அப்பா…" கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி கண்ணு" என்றேன். அந்த இடத்தில் நான் வேறு ஒன்று சொல்லியிருக்க வேண்டும். பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன். பால் பொங்கவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். எங்களுக்கு இந்த வருடம் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். நெய் கம்மி. அவர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

ஜனவரி 17, சனி

ஸ்பிரிங் பற்றி எழுதுகிறேன். அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கோகிலா ஏழாவது படிக்கும்போது அந்த வண்டியை வாங்கினார். இன்னொருவர் ஓட்டின வண்டிதான், ஆனால் சுத்தமாக இருந்தது. செட்டிபாளையம் பக்கம் கார் ரேஸ் நடந்தால் லீவு போட்டுவிட்டுப் போய் வெயிலில் நிற்கிற ஆள் அவர். சொந்தமாக ஒரு வண்டி வந்ததும் சும்மா இருப்பாரா? ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி போட்டுத் தூக்கி, நாலு ஸ்பிரிங்கையும் கழற்றி வாசலில் வைத்து அறுத்தார். பொறி பறக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது.

"ஏனுங்க, நல்லா இருக்கற வண்டிய எதுக்குங்க அறுக்கறீங்க?"

"வளைவுல சாயாது வசந்தா."

"இப்ப யாரு சாஞ்சா?"

உள்ளே போய்த் தண்ணீர்க் குடத்தை எடுத்துவந்து என் தலையில் வைத்தார். "இப்பத் திரும்பு. சரி. இடுப்புல வெய்யி. இப்பத் திரும்பு. எதுல ஆட்டம் கம்மி?"

"இடுப்புல."

"அதேதான். வெயிட்டு கீழ எறங்குனா ஆட்டம் இல்ல. நாலு டயரும் ரோட்டப் புடிச்சுக்கும்."

"வேகமாப் போகுமுங்களா?"

"ஒரு இம்மியும் கூடாது. எஞ்சின் அதேதானே? நேர் ரோட்டுல எப்பவும் போலத்தான். வளைவு வந்தா வேகத்தக் கொறைக்காமத் திரும்பலாம், அவ்வளவுதான்."

"அவ்வளவுக்கா இத்தன பாடு?"

கோயிலில் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

பாடு அதோடு முடியவில்லை. குழியில் விழுந்தால் அடியில் டொக் என்று முட்டும். பல்லெல்லாம் ஆடும். பின்னால் கோகிலா தலை மேலே போய் இடிக்கும். மூன்றே மாதத்தில் டயர் உள்பக்கமாகத் தேய்ந்துவிட்டது, செருப்பு ஒரு பக்கம் தேய்கிற மாதிரி. அதற்கு ஒரு நாள், சக்கரத்தை நேராக்குகிற அலைன்மென்ட் என்று போய் வந்தார்.

வேகத்தடைதான் பெரிய தொந்தரவு. நடுவில் போய் வயிற்றைத் தட்டும். அதனால் ஒரு ஏற்பாடு செய்தார். வேகத்தடைக்கு முன்னால் நிறுத்துவார். "எறங்கு வசந்தா" என்பார். ஆள் இறங்கினால் வண்டி கொஞ்சம் மேலே எழும். நான் நடந்து தாண்டுவேன். அவர் குறுக்கே கோணலாக ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கி, அந்தப் பக்கம் போய் நிறுத்தி, உள்ளே இருந்தபடியே எட்டி எனக்குக் கதவைத் திறந்து வைப்பார். நான் ஏறிக்கொள்வேன். மறுபடியும் அடுத்த வேகத்தடை.

தெருவில் கேலி செய்தார்கள். "சென்னியப்பன் சம்சாரம் கார்ல போகுதாமா, நடந்தே போகுது" என்று.

ஜனவரி 19, திங்கள்

சத்தி ரோட்டுக்குப் போய் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். அவரும் என் வீட்டுக்காரரும் நாற்பது வருடச் சிநேகிதம். அங்கே அவருக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்துவிட்டுப் போனவர், அப்புறம் வரவில்லை. என்னைப் பார்த்ததும் கை கழுவ ஓடினார். ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"ஸ்பிரிங்க மாத்தோணும்ணா. கோகிலா கேக்கறா."

"அரை நாள் வேலைங்க அம்மிணி." சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். "அவசியம் மாத்தோணுங்களா?"

"ஆமாங்ணா."

"சரிங்க. அடுத்த வாரம் நானே வந்து வண்டிய எடுத்துக்கறேன்."

வேறொன்று கேட்கத்தான் போயிருந்தேன். கிளம்பும்போது கேட்டேன். "ஏனுங்ணா, மத்த வண்டி பத்து நிமிசத்துல போற தூரத்த, இந்த மாதிரித் தாழ்த்துன வண்டி எத்தன நிமிசத்துல போகும்?"

"பத்தே நிமிசத்துலதான். ஏன் கேக்கறீங்?"

"சும்மாதான்" என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரியில் இருந்து எங்கள் வீடு வரைக்கும் ஆறு வேகத்தடை. தெரிந்ததுதான். இருந்தாலும் எண்ணினேன்.

ஜனவரி 22, வியாழன்

கோத்தகிரிக்குப் போனது ஞாபகம் வந்தது.

ஸ்பிரிங் அறுப்பதற்கு முன்னால், வண்டி வாங்கின முதல் வாரமே ஒரு தடவை போயிருந்தோம், அறுத்த பிறகு ஒரு தடவை. முதல் தடவை மேட்டுப்பாளையம் தாண்டி வளைவு ஆரம்பித்ததும் வண்டி இந்தப் பக்கம் சாயும், நான் கதவில் போய் ஒட்டிக்கொள்வேன். அந்தப் பக்கம் சாயும், அவர் மேல் போய் விழுவேன். பின்னால் கோகிலா ஒரே சிரிப்பு.

ரெண்டாவது தடவை வண்டி சாயவே இல்லை. கம்பியில் கோத்த மணி மாதிரி வளைவில் வழுக்கிக்கொண்டு போனது. நான் வைத்த இடத்தில் இருந்தேன். மடியில் இருந்த கொய்யாப்பழம்கூட உருளவில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மாப்பிள்ளை முகம்.

"எப்படி?" என்றார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. மின்ன உங்க மேல சாஞ்சுட்டாவது வந்தேன். இப்ப அதுக்கும் வழியில்லாமப் பண்ணிப் போட்டீங்க."

அடுத்த வளைவு வந்ததும் ஒரு கையை எடுத்து என் தோளில் போட்டு அவர் பக்கம் இழுத்தார். "வண்டி சாயாட்டிப் போச்சாது, நான் சாச்சுக்கறேன்" என்றார்.

மலையில் ஒற்றைக் கையில் ஓட்டுகிறாரே என்று பயம்தான். ஆனால் கையை எடுக்கச் சொல்லவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஜனவரி 27, செவ்வாய்

நாளைக்கு ஆரோக்கியம் வண்டியை எடுக்க வருகிறார். கோகிலாவுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்பாடா" என்றாள்.

அன்றைக்கு நடந்ததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 10, புதன்கிழமை. காலையில் எழுந்ததும் நெஞ்சு கரிக்கிறது என்றார். இஞ்சி தட்டிக் கொடுத்தேன். குடித்தார். பேப்பர் படித்தார். ஒன்பதரைக்கு வேர்த்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. "ஆட்டோ கூப்பிடட்டுங்களா" என்றேன். "ஆட்டோ வர்றதுக்குள்ள நாமளே போயிரலாம். ஒன்னுமில்ல, கேஸு" என்றார். அவரே ஓட்டினார். எனக்கு ஓட்டத் தெரியாது. மெதுவாகப் போனோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்றார். சின்ன வயது டாக்டர். அவர் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை.

கோகிலா மத்தியானம் வந்து சேர்ந்தாள். ஏன் நேரமாயிற்று என்று கேட்டாள். "அடி தட்டும்னு மெதுவா ஓட்டுனாரு" என்று சொன்னேன். அப்புறம் யார் கேட்டாலும் அதையே சொன்னேன். வண்டிக்கு வாய் இல்லை.

இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடியும்.

ஜனவரி 28, புதன்

ஆரோக்கியம் பத்து மணிக்கு வந்தார். காபி குடித்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "கழட்டறதுக்கு மின்ன ஒருவாட்டி ஓட்டிப் பாத்துக்கறேனுங்க. நீங்களும் வாங்க அம்மிணி" என்றார். நாலு மாதம் கழித்து அந்த ஸீட்டில் உட்கார்ந்தேன்.

முக்குத் திரும்பியதும் முதல் வேகத்தடை. வண்டி நிற்கிறதுக்கு முன்னாலேயே நான் கதவைத் திறந்துவிட்டேன்.

"அட, எங்க போறீங்?"

"தட்டுமுங்ணா."

"கதவச் சாத்துங்க. ஒன்னும் தட்டாது."

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏறி இறங்கினது. தட்டவில்லை. ரெண்டாவதும் தட்டவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் இருக்கிற மூன்றாவதுதான் உயரம். அதுவும் தட்டவில்லை. ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

"எப்படிங்ணா தட்டாமப் போகுது?"

"அறுத்த ஸ்பிரிங்க நாங்க எப்பவோ தூக்கிப் போட்டாச்சே. ஒம்பது வருசம் இருக்கும். அறுத்தா ஸ்பிரிங்கு கொஞ்சம் விறைக்கும், ஆனா அது போதாது. எறங்கறதுக்கு எடமில்லாம அடியில இருக்கற ரப்பர் கட்டைல போய் முட்டும். அதுக்குத்தான் கணக்காச் செஞ்ச ஸ்பிரிங்கு வாங்கி மாட்டுனோம். குட்டையும் உண்டு, பலமும் உண்டு. அதுக்குத் தகுந்த ஷாக் அப்சார்பரும் போட்டோம். மின்ன இருந்ததுக்கு வண்டி அரை இஞ்சு ஒசந்துருச்சு. நாலு பேரு உக்காந்தா வேணா இந்த ஸ்கூல்கிட்டத் தட்டும். ரெண்டு பேருக்கெல்லாம் எங்கியும் தட்டாது."

"அது அவருக்குத் தெரியுமுங்களா?"

"நல்லாக் கேட்டீங்க. அளவெடுத்ததே அவந்தான்."

"அப்பறம் எதுக்குங்ணா என்னை எறங்கச் சொன்னாரு?"

ஆரோக்கியம் ஸ்டீரிங்கைத் துணியால் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. "நானும் கேட்டேனுங்க. சிரிச்சான். 'அவ எறங்கி, சீலையத் தூக்கிச் சொருவீட்டு, என்னையத் திட்டீட்டே நடந்து வருவாடா. அதக் கண்ணாடில பாக்கோணும். ஊட்டுக்குள்ள அப்படிப் பாத்தா, என்னத்த மொறைச்சுப் பாக்கறீங்கன்னு கேக்கறா'ன்னான்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை நடுரோட்டில் வண்டிக்குள் உட்கார்ந்து சொன்னேன்.

அன்றைக்கும் நான் இறங்கினேன். முதல் வேகத்தடைக்கு முன்னால் அவர் வண்டியை நிறுத்தினார். எறங்கு என்று சொல்லவில்லை. நிறுத்தினதும் நானாகக் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். நெஞ்சு வலியோடு இருக்கிற மனுசனை உட்கார வைத்துவிட்டு, வண்டி தட்டிவிடுமே என்று நடந்தேன். அந்தப் பக்கம் எனக்காக நின்றார். ஏறிக்கொண்டேன். ரெண்டாவதிலும் இறங்கினேன். மூன்றாவதிலும். ஆறிலும். ஆறாவது ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரிலேயே இருக்கிறது. நான் தாண்டிப் போனபோது கதவு எனக்காகத் திறந்திருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஸ்டீரிங்கில் தலையை வைத்திருந்தார்.

"ஆறு எடத்துலயும் எறங்குனனுங்ணா. எத்தன நிமிசம் போயிருக்கும்? நீங்க வண்டிக்காரரு. உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க."

ஆரோக்கியம் அந்தத் துணியை மடித்து வைத்தார். அப்புறம், "அதை நான் எண்ணித் தரமாட்டேனுங்க அம்மிணி" என்றார்.

வண்டியைத் திருப்பி வீட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். "கழட்டட்டுங்களா?" என்று கேட்டார். கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, பஸ்ஸில் போனார்.

ஜனவரி 29, வியாழன்

உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

ஒன்பது வருடம் என்னை நடக்க விட்டீர்கள். மழையில் நடந்தேன். கல்யாண வீட்டுக்குப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு சேற்றில் நடந்தேன். தெருவே சிரித்தது. முழங்கால் வலி என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? தைலம் தேய்த்துவிட்டீர்களே தவிர, "இனி எறங்காதே, வண்டி தட்டாது" என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? இதில் சிநேகிதரிடம் பெருமை வேறு. பார்க்க வேண்டும் என்றால் பார்க்க வேண்டியதுதானே. நான் என்ன கண்ணையா பிடுங்கினேன்?

சாயந்திரம் வரைக்கும் திட்டினேன். பாத்திரம் கழுவிக்கொண்டே திட்டினேன். நீங்கள் போன பிறகு இன்றைக்குத்தான் திட்டியிருக்கிறேன்.

ஆனால் அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். உட்காரு வசந்தா என்று சொல்லியிருந்தால் நான் உட்கார்ந்திருப்பேன். வலியில் மறந்துவிட்டீர்களா, இல்லை அன்றைக்கும் பார்க்க வேண்டும் என்று இருந்ததா? எது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நேரம் ஒன்று தோன்றுகிறது, இன்னொரு நேரம் இன்னொன்று.

கண்ணாடியில் நான் அன்றைக்கு எப்படி இருந்தேன்? திட்டவில்லை என்று நினைக்கிறேன். ஓடினேன் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

கோகிலாவுக்குப் போன் போட்டேன். ஸ்பிரிங் மாற்றியாயிற்றா என்று கேட்டாள். "இல்ல கண்ணு. அதுக்கு மின்ன உன்றகிட்ட ஒன்னு சொல்லோணும்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி தட்டாது என்பது, அவர் கண்ணாடியில் பார்த்தது, நான் இறங்கினது, ஆறிலும் இறங்கினது, அதை மறைத்து வண்டி மேல் போட்டது. சொல்லும்போது நான் அழவில்லை. அழுதால் அவள் என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவாள்.

அந்தப் பக்கம் பாப்பா டிவி பார்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"நாலு மாசமா அந்த வண்டியத் திட்டீட்டு இருந்தேன். அப்பாவையும் சேத்துத் திட்டுனேன், இப்படி ஒரு வண்டிய வெச்சுட்டுப் போய்ச் சேந்தாரேன்னு. நீ கேட்டுட்டேதானே இருந்தே?"

"ஆமா கண்ணு."

போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 2, திங்கள்

போன் இல்லை.

பிப்ரவரி 4, புதன்

போன் இல்லை. போர்வை ரெண்டும் துவைத்துப் போட்டேன். மாடியில் காயவைக்கும்போது தெருமுனை தெரிகிறது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

கோகிலா வந்தாள். பாப்பாவை விட்டுவிட்டு, தனியாக பஸ்ஸில் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. தோசை ஊற்றிக் கொடுத்தேன். மூன்று சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஆணியில் இருந்து சாவியை எடுத்தாள்.

"வா" என்றாள்.

உறையை ரெண்டு பேரும் சேர்ந்து மடித்தோம். அவள் ஓட்டினாள். அவருக்கு ஒரு விஷயத்தில் சந்தோஷமாக இருந்திருக்கும், கியர் மாற்றும்போது சத்தமே இல்லை. முக்குத் திரும்பி, முதல் வேகத்தடைக்கு முன்னால் நிறுத்தினாள்.

"எறங்கும்மா."

"தட்டாது கண்ணு. ஆரோக்கியண்ணன்தான் சொன்னாரே."

"தெரியும். எறங்கு. அப்பா பாத்தத நான் பாக்கோணும்."

இறங்கினேன். கோகிலா ஏறி இறங்கி, அந்தப் பக்கம் போய் நின்றாள். பேசாமல் நடந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நாலு எட்டு வைத்ததும் முழங்கால் பிடித்தது. சேலை தடுக்கியது. தூக்கிச் சொருகினேன். வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. "அப்பனுக்குத் தப்பாத மக. வயசானவள நடுரோட்டுல எறக்கி உட்டுட்டு வேடிக்க பாக்கறதப் பாரு. நல்லா இருப்பீங்களா ரெண்டு பேரும்…" பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். அவரையும் ஒரு பிடி பிடித்தேன்.

பக்கக் கண்ணாடியில் அவள் கண் மட்டும் தெரிந்தது. கதவு உள்ளே இருந்து திறந்தது. ஏறி உட்கார்ந்தேன். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் முந்தானையைக் கொடுத்தேன். ஒரு கார்க்காரன் பின்னால் ஹாரன் அடித்தான். ரெண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் கியர் போட்டாள். ரெண்டாவது வேகத்தடை வந்தது. வேகத்தைக் குறைத்தாள். என் கை கதவுக்குப் போனது.

"இதுலயும் எறங்கட்டுமா கண்ணு?" என்று கேட்டேன்.

"வேண்டாம்மா" என்றாள். "உக்காரு."

உட்கார்ந்தே போனேன்.